ஈப்போவில் என்ன தண்ணி?

மலேசியாவின் ஈப்போவில் என்னை முதலில் வரவேற்றது ஒரு முழங்கால். ஊருக்கு வெளியே இருக்கும் பேருந்து நிலையத்திலிருந்து உள்ளே போகக் கார் ஒன்றை வரவழைத்திருந்தேன். ஓட்டி வந்தவர் தமிழர். என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

"பாருங்க டாக்டர், படி ஏறினா தாஹான் பண்ண முடியல லா."

லா இந்த ஊர்ப் பேச்சின் வால், தாஹான் மலாய்ச் சொல். தாங்குவது என்று பொருள் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான் எலிகளுக்குத்தான் டாக்டர், மனிதர்களுக்கு இல்லை என்றேன். அவர் ஏமாற்றத்தோடு கால்சட்டையை இறக்கிவிட்டார். அதற்குள் விளக்கு பச்சைக்கு மாறி வெகுநேரம் ஆகியிருந்தது. பின்னால் நின்ற ஒரு காரும் ஹாரன் அடிக்கவில்லை. மதுரையாக இருந்தால் இந்நேரம் எங்கள் இரண்டு பேரின் பரம்பரையும் தெருவுக்கு வந்திருக்கும். இந்த ஊர் மேல் எனக்கு அங்கேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அடினோசின் என்று ஒரு பொருள் நம் உடம்பிலேயே ஊறுகிறது. நரம்பு அடிபட்டுக் கூச்சல் போடும்போது இது செல்லுக்கு வெளியே கசிந்து வந்து, நரம்பின் மேல் தனக்கென்று இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து அதை அமர்த்தும். ஆனால் உடம்பு அதை அதிக நேரம் வெளியே விட்டுவைக்காது. செல்லின் சவ்வில் இருக்கும் சில புரதங்கள் அதை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் கடத்துப் புரதங்கள் என்போம். வாசல் என்று நினைத்துக்கொண்டால் போதும். தண்டுவடத்திலும், தோலிலிருந்து தொடுதலையும் சூட்டையும் வலியையும் கொண்டுவரும் உணர்ச்சி நரம்பு செல்களிலும் இந்த வாசல்கள் உண்டு. மாத்திரை கொடுத்து வாசலைச் சாத்தினால் அடினோசின் வெளியிலேயே தங்கும், வலி அடங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எலிகளின் தண்டுவடத்தில் இந்த வாசல்களைத் தேடித் தேடித்தான் எனக்குத் தலை நரைத்தது.

அதே மாத்திரையை ஈப்போவில் மனிதர்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார் டாக்டர் யோகேஸ்வரி. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சின்ன முயற்சி. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் எரிச்சல் குறைவது போலத் தெரிந்தது. பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. ஏன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று என்னை அழைத்திருந்தார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. அந்த மக்களின் வாசலே வேறு மாதிரி அமைந்திருக்கிறது, மாத்திரை அதில் பொருந்தவில்லை! விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, அதை வெளியிடப்போகும் சஞ்சிகையையும் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

அன்று மாலை விடுதிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வாழையிலையில் சோறு, சுறாப்புட்டு, நம்மூரில் பார்க்காத ஒரு கீரைப் பிரட்டல். கடைக்கார அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி என்ன அண்ணே?"

"தண்ணிதாம்மா."

"அதான், என்ன தண்ணி?"

"குடிக்கிற தண்ணி."

"எல்லாம் குடிக்கிற தண்ணிதான் லா. தே இருக்கு, கோப்பி இருக்கு, பார்லி இருக்கு, சிரப் இருக்கு."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பக்கத்து மேசைக்காரர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். இங்கே குடிக்கிற எதுவும் தண்ணிதான். டீயும் தண்ணி, காப்பியும் தண்ணி. வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் பச்சத் தண்ணி என்று கேட்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து 'என்ன தண்ணி' என்று கேட்டால் அடிதான் விழும் என்று சொன்னேன். கடையே சிரித்தது.

மறுநாள் காலை விடுதிக்காரர் என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டீங்களா?" என்றார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அடடா, என்ன ஒரு சொல்! நாம் இட்லியையும் பொங்கலையும் வைத்துக்கொண்டு அதற்கு 'டிபன்' என்று பெயர் சொல்கிறோம். கடல் தாண்டி வந்து தலைமுறைகள் ஆனவர்கள் பசி ஆறுகிறார்கள். அன்று முழுவதும் கண்ணில் பட்ட தமிழர்களை எல்லாம் பசியாறிவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், மத்தியானம் மூன்று மணிக்குக்கூட.

அன்று காம்பாரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பேச வேண்டும். கார் அனுப்புகிறேன் என்றார் யோகேஸ்வரி. ஊர் பார்த்தபடி பேருந்தில் வருகிறேன் என்று பெரிய மனுஷனாக மறுத்துவிட்டேன். சாலையோரம் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நின்றன. கடைகளில் பம்பளிமாஸ் பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. குளிர்சாதனப் பேருந்து, மெத்தை இருக்கை, குலுக்கலே இல்லாத சாலை. குலுக்காத பேருந்தில் மதுரைக்காரன் விழித்திருப்பது கஷ்டம். கண் திறந்தபோது காம்பார் போய்விட்டது. "தாப்பா, தாப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

தாப்பாவில் எல்லோரும் குளிராடை வைத்த பைகளோடு நின்றார்கள். கேமரன் மலைக்குப் பேருந்து ஏறும் இடமாம். வியர்த்து வழிய ஒரு கோட்டும் கையில் மடிக்கணினியுமாக நின்ற என்னை மலைக்குப் போகிற பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பிஸ்கட் விற்ற சீனப் பெரியவரிடம் "காம்பார்?" என்றேன். நான் வந்த திசையிலேயே கையைக் காட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடையைப் போட்டது போட்டபடி விட்டு, சாலையைக் கடந்து, தெரிந்த ஒருவரின் காரில் என்னை ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். நான் அவரிடம் ஒரு பிஸ்கட்கூட வாங்கவில்லை.

காம்பாரில் மாணவர்கள் எழுந்து போகாமல் காத்திருந்தார்கள். நான் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பெண், "தாப்பா வரைக்கும் போனீங்களா சார்? எங்களுக்கும் நடக்கும் லா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் மானம் பிழைத்தது.

திரும்பும்போது யோகேஸ்வரியே காரோட்டினார். ஈயம் எடுத்த பழைய சுரங்கக் குழிகள் எல்லாம் ஏரிகளாகி, மாலை வெளிச்சத்தில் அழகாகக் கிடந்தன. அவர் அதையெல்லாம் பார்க்கும் நிலையில் இல்லை. யாழ்ப்பாணத்து வம்சம் அவருடையது. ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்து இந்த ஊரிலேயே வேர் விட்ட குடும்பம். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம். எங்களுக்குள்ளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"வியாழக்கிழமை கூட்டம்," என்றார். "சோதனையை மேற்பார்க்கும் குழுவினர் தலைநகரத்திலிருந்து பேசுவார்கள். தமிழர்களைச் சோதனையிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். பலன் தெரியாதவர்களை ஏன் வைத்துக்கொண்டு இழுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்."

"எடுத்தால்?"

"அடுத்த கட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. மருந்து வரும், இவர்களுக்கு வராது. பாக்கியம் அக்காவிடம் நான் எப்படிச் சொல்வேன்?"

பாக்கியம் அக்கா யார் என்று கேட்டேன். நாளைக்குப் பார்ப்பீர்கள் என்றார். பிறகு, "சோதனைக்கு எப்படி வர வேண்டும் என்று மற்றவர்களுக்கு நர்ஸ் மலாய் மொழியில் விளக்கிவிடுவார். தமிழர்களிடம் நானேதான் தமிழில் பேசுவேன். அவர்களிடம் அவர்கள் பாஷையில் பேசும் டாக்டர்கள் குறைவு" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் சின்னப் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சிம்பாங் பூலாய் தாண்டி உள்ளே போனோம். பெயரில் மட்டும்தான் அது ரப்பர்த் தோட்டம். கண்ணுக்கு எட்டிய வரை பாமாயில் எடுக்கும் செம்பனை. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கல்வீடுகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு பொது மண்டபம். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். எல்லோருடைய கால்களும் செருப்பை விட்டு வெளியே இருந்தன.

பாக்கியம் அக்காவைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மண்டபத்தில் அவர் குரல்தான் கேட்டது. காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். நின்று வேலை செய்ய முடியாததால் உயரமான முக்காலி போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாராம். இரவில் போர்வை பாதத்தில் பட்டால் தூக்கம் போய்விடும். எப்படி எரிகிறது என்று கேட்டேன்.

"மொளகா அரைச்சு பூசி, அது மேல வெந்நி ஊத்தின மாதிரி," என்றார். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

சோதனை எளிமையானது. நோயாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. தன் பாதத்தில் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கக் கூடாது. யோகேஸ்வரி ஒரு பஞ்சை மெல்லிதாகத் திரித்து, அதன் நுனியால் பாதத்தைத் தடவுவார். எரிச்சல் எவ்வளவு என்று நோயாளி சொல்வார். பிறகு மாத்திரை, கொஞ்ச நேரம் காத்திருப்பு, மறுபடி பஞ்சு.

பாக்கியம் அக்கா காலை நீட்டவே நேரம் எடுத்துக்கொண்டார். "நீட்டுங்கக்கா" என்று யோகேஸ்வரி மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சு பட்டதும் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, கண்ணோரம் மட்டும் நனைந்தது. எலிகளோடு காலம் கழித்த எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வாசல் வரை போய் செம்பனைகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, நான் கற்றுக்கொண்ட மலேசியத் தமிழை எடுத்துவிட்டேன்.

"பசியாறிட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்ல டாக்டர். டாக்டரம்மா தண்ணி மட்டும்னு சொல்லியிருக்காங்க. அவங்க பேச்ச நான் மீற மாட்டேன். ஒரு பிஸ்கட்கூட வாயில வெக்கல."

"என்ன தண்ணி?" என்றேன், அசல் ஈப்போக்காரன் தோரணையில்.

"கோப்பி ஓ லா. கோசோங். பால் போடல, சீனி போடல. சீனி இருக்கிற ஆளு நானு, அதெல்லாம் கரெக்டா இருப்பேன்."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

காப்பியில் இருக்கும் கஃபீன் என்ன செய்யும் என்பது எங்கள் துறையில் நுழைந்த முதல் வருடமே தெரியும். அடினோசின் உட்கார வேண்டிய இருக்கையில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். நம்மூர் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான். மாத்திரை வாசலை ஒழுங்காகத்தான் சாத்துகிறது. அடினோசின் வெளியேதான் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு இருக்கையிலும் கோப்பி துண்டு போட்டு வைத்திருந்தால் அது எங்கே உட்காரும்? எப்படி நரம்பை அமர்த்தும்?

எழுந்து போய் அடுத்தவரிடம் கேட்டேன். "தே ஓ" என்றார், பால் இல்லாத டீ. அதற்கடுத்த அம்மாள், "எனக்கும் கோப்பிதான், ஆனா டாக்டரம்மா சொன்னாங்கன்னு ரொட்டி தொட்டுக்கல" என்றார். ஒருவர்கூட சொன்ன பேச்சை மீறவில்லை. தண்ணி மட்டும் என்றார்கள், தண்ணி மட்டுமே குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

யோகேஸ்வரியைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு மண்டபத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் எங்கோ போய்விட்டது.

"எங்கட வீட்ட தண்ணி எண்டா தண்ணிதான். தேத்தண்ணி எண்டா தேத்தண்ணி. கடையில 'என்ன தண்ணி' எண்டு கேக்கிறவங்கள் எண்டு எனக்குத் தெரியும்தானே. பிறகு ஏன் எனக்கு இது விளங்கேல்ல?"

மலாயில் நர்ஸ் என்ன சொல்வார் என்று கேட்டேன். 'ஆயர் கோசோங்' என்றார். வெறும் தண்ணீர். அந்த 'வெறும்' மலாயில் இருந்தது. தமிழில் விடுபட்டுப் போயிருந்தது. வேறு யாருக்கும் கொடுக்காத கவனத்தை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் தமிழில் பேசினார். அதுவே வந்து கவிழ்த்துவிட்டது. எனக்கு அவர் மேல் இரக்கம் பொங்கியது.

என் கட்டுரையும் போயிற்று. வேறு மாதிரி வாசலும் கிடையாது, சஞ்சிகையும் கிடையாது. ஏமாற்றம்தான், அதை மறைப்பானேன். கொஞ்ச நேரம் நானும் அதே படியில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை வீடு வீடாகப் போனோம். கூட்டத்தில் என்ன முடிவாகும் என்று தெரியாது. இருந்தாலும் கோப்பியை இன்றே நிறுத்தினால்தான் சனிக்கிழமை உருப்படியாகச் சோதிக்க முடியும் என்றார் யோகேஸ்வரி. ஒவ்வொரு வாசலிலும் "தப்பு என்னுடையது" என்று தொடங்கித்தான் விஷயத்தைச் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. ஒரு பெரியவர், "சாலா எல்லாருக்கும் வரும் லா, விடுங்க டாக்டர்" என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். சாலா என்றால் தவறு.

பாக்கியம் அக்காதான் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"கோப்பி கூடாதா?"

"கூடாதுக்கா."

"தே?"

"அதுவும் கூடாது. கோலாவும் கூடாது."

"காலையில எப்படி டாக்டர் கண்ணு முழிக்கிறது? நான் மரம் சீவப் போன காலத்துலேர்ந்து கோப்பி இல்லாம ஒரு நாள் விடிஞ்சதில்ல."

சோதனை நடக்குமா என்பதே நிச்சயம் இல்லை என்பதையும் யோகேஸ்வரி மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், வருத்தப்பட மாட்டேன் என்றார். பாக்கியம் அக்கா உள்ளே எழுந்து போனார். கோப்பித்தூள் டப்பாவோடு வந்து அதை யோகேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

"இங்க இருந்தா கை போகும். நீங்க வெச்சிக்குங்க."

வியாழக்கிழமைக் கூட்டம் கணினித் திரையில் நடந்தது. யோகேஸ்வரியின் அறை மூலையில் நான் சாட்சிக்காரனாக உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்கு முன் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். தவறு யாருடையது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், தகவல் தெளிவாகப் போய்ச் சேரவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். நம்மூர் அலுவலகங்களில் பாதி அப்படித்தான் ஓடுகிறது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் ஒருவர், சொன்னதைச் சரியாகப் பின்பற்றத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சோதனை நடத்துவது என்று கேட்டார். அதுவரை மெல்லப் பேசிக்கொண்டிருந்த யோகேஸ்வரியின் குரல் உயர்ந்தது.

"அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். ஒரு வார்த்தை மாறாமல் செய்தார்கள். தப்பாகச் சொன்னது நான். யாரையாவது எடுக்க வேண்டுமென்றால் என்னை எடுங்கள்."

அதன் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். கஃபீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் மலாயில் வெகுநேரம் பேசினார்கள். யோகேஸ்வரி மேசைக்கு அடியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் முடிவு வந்தது. தமிழர்கள் இருக்கலாம். பழைய அளவுகள் எல்லாம் குப்பைக்கு. முதலிலிருந்து தொடங்க வேண்டும், தவறு யோகேஸ்வரியின் பெயரில் பதிவாகும். அவர் நன்றி சொல்லித் திரையை அணைத்தார். பிறகு மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, சாப்பிட்டேன். ஈப்போவின் முளைப்பயறு குண்டு குண்டாக இருக்கும். அதை வெள்ளையாக வேகவைத்த கோழியோடு கொடுக்கிறார்கள். நம் கண்ணுக்கு நோயாளிச் சாப்பாடு போலத் தெரியும், வாயில் போட்டால் எழுந்துவர மனசு வராது. சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். அங்கே 'தண்ணீர்' என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். புந்தோங்கில் தமிழர் கடைகளில் கடலை, முறுக்கு, காரப்பயறு என்று அடுக்கியிருந்ததை மூட்டை கட்டினேன். கடலையைக் கச்சான் என்று கேட்க வேண்டும். மதுரைக்காரனுக்கே முறுக்கு விற்றுவிட்டார்கள், அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

இந்த ஊர்க் காப்பியைக் குடிக்காமல் போனால் பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய கடைத்தெருவில் பளிங்கு மேசை போட்ட ஒரு சீனக் கடையில் குடித்தேன். உண்மையிலேயே பிரமாதம். இரண்டாவது கோப்பைக்குக் கை தூக்கும்போது யோகேஸ்வரி போனில் அழைத்தார். பாக்கியம் அக்காவுக்குத் தலை வெடிக்கிறதாம், கோப்பியை விட்டதால் வருகிற தலைவலி. தெரு முழுவதும் கோப்பி வாசம் வருகிறது என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். நான் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். காலையில் மறுபடி அந்த மண்டபம். பாக்கியம் அக்கா முகம் வீங்கி, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். "பசியாறிட்டீங்களா"வை நான் வெளியே எடுக்கவில்லை. மாத்திரைக்கு முந்தைய சோதனையில் ஒன்றும் மாறவில்லை. அதே தயக்கம், அதே நாற்காலிக் கைகள், அதே நனைந்த கண்ணோரம். பிறகு மாத்திரை, காத்திருப்பு.

மறுபடி தடுப்பை வைத்தார்கள். பாக்கியம் அக்கா வலது காலை மெல்ல நீட்டி, கண்ணை மூடி, நாற்காலியை இறுக்கினார். யோகேஸ்வரி பஞ்சால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"சீக்கிரம் தொடுங்க லா டாக்டர். முடிச்சிட்டு போலாம், தல வலிக்குது."

"தொட்டுக்கிட்டுதான்க்கா இருக்கேன்."

யோகேஸ்வரிக்கு உடனே பயம் வந்துவிட்டது. கால் மரத்துப் போயிருந்தால் அது நிவாரணம் இல்லை, ஆபத்து. எந்த விரல் என்று சொல்லச் சொன்னார். பாக்கியம் அக்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"சுண்டு விரலு. இப்ப... நடு விரலு. இப்ப உள்ளங்கால்." எல்லாம் சரி. "ஏதோ பஞ்சு மாதிரி இருக்கு."

"பஞ்சுதான்க்கா."

பாக்கியம் அக்கா கண்ணைத் திறந்தார். விதியெல்லாம் பார்க்காமல் தடுப்பை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குப் பஞ்சா?"

"எப்பவும் பஞ்சுதான்."

"இத்தன மாசமாவா? நான் கம்பிய சூடு காட்டி வெக்கிறீங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒரு பாதம் ஒரு காலையில் அமைதியாக இருந்ததை வைத்து விஞ்ஞானத்தில் எதையும் சொல்லிவிட முடியாது. நாளைக்கே வேறு மாதிரி இருக்கலாம். இதை நான் மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறவன். ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஒன்றும் நினைவில்லை. யோகேஸ்வரிதான் மெதுவாகக் கேட்டார்.

"சூடு வெக்கிறேன்னு நினைச்சும் ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் வந்தீங்க?"

"நீங்க தமிழ்ல 'வாங்கக்கா'ன்னு கூப்பிட்டீங்க. வராம எப்படி லா?"

யோகேஸ்வரி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். பாக்கியம் அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே இடது காலை நீட்டினார்.

"இந்தக் கால் இன்னும் பாக்கி இருக்கு டாக்டர்."